கீமோ தேதி முதலில், மற்றதெல்லாம் அப்புறம்

பினாங்கு பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில் பிளானர் வேலை எனக்கு. எந்த ஆர்டர் எந்த லைனில் எப்போது ஏற வேண்டும், எந்தச் சாமான் வராவிட்டால் எது நிற்கும் என்று பார்ப்பதுதான் பிழைப்பு. வலது மார்பில் புற்றுநோய், ஒரே மார்பில் தள்ளித் தள்ளி மூன்று கட்டிகள், முழுவதையும் எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றும் மூளை அந்தப் பழக்கத்தில்தான் ஓடியது. அழுகை வீட்டுக்கு வந்த பிறகுதான். அறையில் இருந்தபோது நான் கேட்டது இதுதான்: "எடுக்கிற அன்னிக்கே திரும்ப வச்சிடலாமா டாக்டர்? ஒரே ஆபரேஷன், ஒரே லீவு."

தமிழ் டாக்டர், என்னைவிட வயதில் சிறியவர். "வைக்கலாம்க்கா. ஆனா உங்களுக்கு கீமோ வேணுமா, எப்போ வேணும், ரேடியேஷனும் சேருமான்னு தெரிஞ்சாத்தான் அதைப் பத்திப் பேச முடியும்" என்றார். அன்றைக்கு அது மழுப்பலான பதிலாகத் தெரிந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், அந்த இரண்டு வருட காலத்தில் எனக்குச் சொல்லப்பட்டவற்றில் உருப்படியானது அந்த வாக்கியம்தான்.

மார்பை எடுத்த பிறகு மறுபடி அமைத்துக்கொள்வதை நம் ஆட்கள் அழகு விஷயமாகவே பேசுகிறார்கள். என் அனுபவத்தில் அது முதலில் தேதி விஷயம். மறுசீரமைப்பு காத்திருக்கும். ஒரு வருடம், ஐந்து வருடம், பத்து வருடம் கழித்தும் செய்துகொள்கிறார்கள். கீமோ அப்படிக் காத்திருக்காது. ஆகவே கீமோவுக்கு நாள் குறித்துவிட்டு, அதற்கு இடைஞ்சல் இல்லாமல் மற்றதை எங்கே நுழைக்கலாம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் செய்வதைத் தள்ளிப்போடலாமே தவிர, அதைப் பற்றிப் பேசுவதைத் தள்ளிப்போட்டால் நட்டம். தோலை எவ்வளவு விடுவது, வடு எங்கே ஓடுவது என்பதெல்லாம் மார்பை எடுக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. நாம் வாய் திறக்காவிட்டால் நம்மைக் கேட்காமலேயே முடிவாகிவிடும்.

நான் டாக்டர் இல்லை. கட்டியின் வகை, கட்டம், வயது, சர்க்கரை என்று ஆளுக்கு ஆள் கணக்கு மாறும். இதைப் படித்துவிட்டு உங்கள் டாக்டரிடம் கேள்வி கேட்டால் போதும்.

கீமோவுக்கு ஏன் இத்தனை அவசரம் என்று நானும் கேட்டேன். அறுவை கட்டியை எடுத்துவிடும். அதற்கு முன்பே இரத்தத்தோடு கிளம்பிப் போய் எலும்பிலோ நுரையீரலிலோ கல்லீரலிலோ தங்கியிருக்கக்கூடிய செல்களைக் கத்தி எட்டாது. அவற்றை அழிக்கத்தான் அறுவைக்குப் பிறகு கொடுக்கும் கீமோ. வழக்கமாக 4 முதல் 6 வாரத்துக்குள் தொடங்குகிறார்கள். கலிபோர்னியா புற்றுநோய்ப் பதிவேட்டில் இருந்த ஏறக்குறைய 25,000 பெண்களின் விவரங்களை வைத்து 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அறுவைக்குப் பிறகு ஒன்றிரண்டு மாதம் ஆனவர்களுக்குக் கவலைப்படும்படியான வித்தியாசம் தெரியவில்லை. 90 நாளைத் தாண்டியவர்களுக்குத்தான் பிழைத்திருக்கும் வாய்ப்பு குறைந்தது. ட்ரிப்பிள் நெகட்டிவ், அதாவது கட்டியில் ஹார்மோன் ஏற்பிகளும் இல்லாமல் ஹெர்2 என்ற புரதமும் மிகுந்திராத வகைக்காரர்களிடம் அந்தப் பாதிப்பு கூடுதலாகத் தெரிந்தது. அதைப் படித்தபோது ஒரு பக்கம் நிம்மதி, ஏனென்றால் ஒரு வாரம் தாமதமானால் உயிர் போய்விடாது. இன்னொரு பக்கம், 90 நாள் என்பது கையில் நிறைய இருப்பதாகத் தோன்றினாலும் ஒரு காயம் ஆறாமல் நின்றால் எப்படிக் கரையும் என்பது எனக்குத் தெரியும். என் வேலையே அதுதான்.

காயத்தில்தான் எல்லாம் சிக்குகிறது. கீமோ மருந்துக்கு நல்ல செல், கெட்ட செல் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, வேகமாகப் பெருகுவதை எல்லாம் அடிக்கும். முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் அதனால். தையல் போட்ட இடம் மூடுவதற்கும் செல்கள் வேகமாகப் பெருகியாக வேண்டும். போதாக்குறைக்கு, மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாளுக்குள் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்குப் போய்விடும். அந்த நேரத்தில் உடம்பில் திறந்த புண் இருந்தால் கிருமிக்குக் கதவைத் திறந்து வைத்தது போலாகும். அதனால் காயம் மூடும்வரை கீமோவைத் தொடங்க மாட்டார்கள்.

வெறும் மார்பை மட்டும் எடுத்தால் நீளமான ஒரு தையல், நீர் வடிய ஒன்றிரண்டு குழாய், சில நாளில் வீடு. கூடவே இம்ப்ளாண்ட் என்ற செயற்கை மார்புப் பையை வைத்தால் உள்ளே ஓர் அந்நியப் பொருள் இருக்கிறது. அதில் கிருமி தொற்றினால் முதலில் ஆன்டிபயாட்டிக், அதற்கும் அடங்காவிட்டால் மறுபடி தியேட்டருக்குப் போய் எடுக்க வேண்டும், அந்தக் காயமும் ஆற வேண்டும். வயிற்றுச் சதையை எடுத்து வைத்தால் மார்பில் ஒரு காயம், வயிற்றில் இடுப்பெலும்பு தொட்டு இடுப்பெலும்பு வரை இன்னொரு காயம். தோல் ஓரம் கருத்துப்போனால் அது உதிர்ந்து புதுத்தோல் வர வாரக்கணக்காகும். புற்றுநோய் டாக்டர் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் உடனடி மறுசீரமைப்பே கூடாதா? அதுவும் சரியில்லை. பிரிட்டனை மையமாகக் கொண்டு 76 மருத்துவமனைகளில் நடந்த ஐப்ரா-2 என்ற ஆய்வு 2019இல் வெளியானது. உடனடியாக மார்பு அமைத்துக்கொண்டதால் மட்டும் அடுத்த சிகிச்சை பெரிதாகத் தாமதமாவதில்லை, அறுவைக்குப் பிறகு சிக்கல் வந்தவர்களுக்குத்தான் தாமதமாகிறது என்று அதில் தெரிந்தது. ஆக, ‘உடனே செய்யலாமா?’ என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. ‘எனக்குச் சிக்கல் வரும் வாய்ப்பு எவ்வளவு?’ என்று கேட்க வேண்டும். புகை பிடிப்பவர்கள், உடல் எடை மிக அதிகமுள்ளவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டியவர்கள்.

சர்க்கரை என்றதும் நம் கதை வந்துவிடுகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். அந்த மூன்றில் ஒருத்தி நான். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு ஒட்டிக்கொண்டது, மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி எடுத்துப் பார்த்தபோது எட்டுக்கு மேல். கீமோவுக்கு முன்னால் வாந்தியும் ஒவ்வாமையும் வராமலிருக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அது சர்க்கரையை ஒரே தூக்காகத் தூக்கும். கீமோ தொடங்குவதற்கு முன்பே எட்டு என்றால், தொடங்கிய பிறகு? பிளாஸ்டிக் சர்ஜன் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மூச்சு விட்ட விதத்திலேயே பாதிப் பதில் கிடைத்துவிட்டது.

அந்த பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்கவே நான் கேட்க வேண்டியிருந்தது. யாரும் தானாக அனுப்பவில்லை. ‘முதல்ல நோயைப் பார்ப்போம், அதெல்லாம் பிறகு’ என்று ஒரு நர்ஸ் மிஸி அன்பாகத்தான் சொன்னார். அன்பில் குறை சொல்ல முடியாது, ஆனால் வரிசை தப்பு. நான் பிடிவாதமாகக் கேட்டு ஒரு நாள் வாங்கினேன். ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்கு 5 வெள்ளி கட்டி, நடைபாதை நாற்காலியில் பாதி நாள் காத்திருந்து, உள்ளே கால் மணி நேரம்தான் கிடைத்தது. அந்தக் கால் மணி நேரத்தில் அவர் என் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தார், சிசேரியன் தழும்பைப் பார்த்தார். பிகினி கோட்டில் குறுக்காகப் போட்ட தழும்பு வயிற்றுச் சதையை எடுப்பதற்குப் பெரும்பாலும் தடையாகாது என்றார். தொப்பையைக் குறைக்கும் அறுவை செய்திருந்தால்தான் கதை முடிந்திருக்குமாம். நல்லவேளை, அந்தப் பணம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

ரேடியேஷன் வந்தால் இந்தக் கணக்கு எல்லாம் மறுபடி கலையும். கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் என்றாலோ அக்குளில் நான்கு அல்லது அதற்கு மேல் நிணநீர்க் கணுக்களில் நோய் இருந்தாலோ, மார்பை எடுத்த பிறகும் ரேடியேஷன் கொடுப்பது வழக்கம். ஒன்று முதல் மூன்று கணு என்றால் டாக்டர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறார்கள். கதிர்பட்ட தோல் இறுகும், இழுத்தால் விரியாது. இம்ப்ளாண்டைச் சுற்றி உடம்பு இயல்பாகவே ஒரு மெல்லிய உறையைக் கட்டும். கதிர்பட்டால் அந்த உறை தடித்துச் சுருங்கி, இம்ப்ளாண்டை நெரித்து, கல்லாக்கி, மேலே தூக்கிவிடும் ஆபத்து கூடுகிறது. சொந்தச் சதையில் கட்டிய மார்பும் கதிர்பட்டால் சுருங்கிப் போகலாம். அதனால்தான் ரேடியேஷன் நிச்சயம் என்று தெரிந்தவர்களுக்கு, எல்லாம் முடிந்து குறைந்தது 6 மாதம், பெரும்பாலும் ஒரு வருடம் விட்டு வயிற்றுச் சதையால் கட்டலாம் என்று பல சர்ஜன்கள் சொல்கிறார்கள்.

ஆனால் ரேடியேஷன் நிச்சயமா என்பது எப்போது தெரிகிறது? மார்பையும் கணுக்களையும் எடுத்து, அவை லேப்புக்குப் போய், ரிப்போர்ட் வந்த பிறகு. அதாவது உடனடி மறுசீரமைப்பு செய்திருந்தால் செய்து முடித்து இரண்டு வாரம் கழித்து. திட்டம் போடுகிற வேலையில் இருப்பவளுக்கு இதைவிட எரிச்சலூட்டும் விஷயம் வேறு இருக்க முடியாது. முடிவெடுக்கத் தேவையான தகவல், முடிவெடுத்த பிறகுதான் கிடைக்கும்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு நடுவழி வைத்திருக்கிறார்கள். வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த சுங்கை பட்டாணி அக்கா அந்த வழியில் போனவர். அவருக்கு ஸ்கேனில் கணுக்கள் சுத்தமாக இருந்தன. மார்பை எடுக்கும்போதே தோலை விட்டுவைத்து, உள்ளே எக்ஸ்பாண்டர் என்ற காலிப் பையை வைத்தார்கள். சிலிக்கோன் பை, அதன் முகப்பில் ஊசி குத்த ஒரு வாய். காயம் ஆறிய பிறகு கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் 50 முதல் 100 மில்லி உப்புநீர் ஏற்றுவார்கள். தோல் மெல்ல மெல்ல விரிந்து இடம் கொடுக்கும், கடைசியில் பையை எடுத்துவிட்டு நிரந்தர இம்ப்ளாண்ட். ரிப்போர்ட்டில் கீமோ வேண்டும் என்று வந்தாலும் பை பாட்டுக்கு உள்ளே இருக்கலாம். நீர் ஏற்றுவதை மட்டும் வெள்ளையணுக்கள் விழுந்து கிடக்கும் வாரத்தில் வைக்காமல், அடுத்த கீமோவுக்குச் சற்று முன்னால், எண்ணிக்கை ஏறிய பிறகு வைத்துக்கொள்வார்கள். அக்காவுக்கு அப்படித்தான் நடந்தது. போனில் கேட்டால், "டயருக்குக் காத்து அடிக்கிற மாதிரிதான் தங்கச்சி, ரெண்டு நாள் நெஞ்சு இறுக்கும், அப்புறம் மறந்துடும்" என்பார். கீமோ எல்லாம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் பையை மாற்றினார்கள்.

இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று உண்டு. பல எக்ஸ்பாண்டர்களின் ஊசி வாயில் காந்தம் இருக்கிறது. அது உள்ளே இருக்கும்வரை எம்ஆர்ஐ எடுக்க முடியாமல் போகலாம். கீமோ நடுவில் தலைவலி, முதுகுவலி என்று டாக்டர் எம்ஆர்ஐ கேட்டால் இதை நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

கீமோவை முன்னால் வைத்துவிட்டால் கணக்கு வேறு மாதிரி. பினாங்குத் தனியார் மருத்துவமனைகளின் காத்திருப்பறைகளில் இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஸ்கேனுக்காக நான் போயிருந்த இடத்தில் மேடான் தமிழ்ப் பெண் ஒருவர் அறிமுகமானார். முப்பத்தைந்தைத் தாண்டியிருப்பார், பேச்சில் பாதி இந்தோனேசிய மொழி, மீதி நம் தாத்தா காலத்துத் தமிழ். அவருக்கு ஹெர்2 பாசிட்டிவ், அதாவது கட்டியில் அந்தப் புரதம் மிகுந்த வகை. அந்த வகைக்கும் ட்ரிப்பிள் நெகட்டிவுக்கும், கட்டி சற்றுப் பெரிதாக இருந்தால், கீமோவை முதலில் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. மருந்துக்குக் கட்டி எப்படிச் சுருங்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம், சிலருக்கு முழு மார்பையும் எடுக்க வேண்டிய தேவையே போய்விடும். கீமோ முன்னால் என்றாலும் பின்னால் என்றாலும் உயிர் காப்பதில் வித்தியாசம் இல்லை என்பதை 1988இல் அமெரிக்காவில் தொடங்கிய பி-18 ஆய்வு காட்டிவிட்டது. ஆகவே வரிசையை மாற்றுவதில் தப்பில்லை.

எனக்கு அவர் மேல் பொறாமையே வந்தது, அவருக்குக் கிடைத்த அவகாசத்துக்காக. சிகிச்சை ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, நான்கைந்து மாதம் யோசிக்கலாம். பிளாஸ்டிக் சர்ஜனை நிதானமாகப் பார்க்கலாம், இரண்டாவது ஆளிடமும் கேட்கலாம். மரபணுச் சோதனை ரிப்போர்ட் வர நேரம் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிராக்கா மரபணுப் பிறழ்வு இருப்பதாக வந்தால் இரண்டு மார்பையும் எடுக்கலாமா என்ற கேள்வி எழும். வயிற்றுச் சதையை வாழ்க்கையில் ஒரு முறைதான் எடுக்க முடியும். ஒரு பக்கத்துக்கு மட்டும் எடுத்துக் கட்டிவிட்டு, இரண்டு வருடம் கழித்து இன்னொரு பக்கமும் போனால் அதற்கு வயிற்றில் ஒன்றும் மிச்சமிருக்காது. முதுகிலோ தொடையிலோ தேட வேண்டியதுதான்.

கடைசி கீமோவுக்குப் பிறகு இரத்த அணுக்கள் தேற 4 முதல் 6 வாரம் விட்டு அறுவை, 8 வாரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள் என்றார் அந்த மேடான் பெண். மருந்து ஏற்கெனவே உடம்பில் ஏறிவிட்டதால், காயம் கொஞ்சம் மக்கர் பண்ணினாலும் முன்போல உயிர்ப் பயம் இல்லை. அவருக்கு நோயைக் காட்டும் சுண்ணாம்புப் புள்ளிகள் மார்பு முழுக்கப் பரவியிருந்ததால் முழுவதையும் எடுக்கத்தான் வேண்டியிருந்தது, கணுக்கள் சுத்தம், ரேடியேஷன் இல்லை. அதே நாளில் வயிற்றுச் சதையால் கட்டிவிட்டார்கள். ஹெர்2வைக் குறிவைத்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் டிராஸ்டுஸுமாப் ஊசி ஒரு வருடம்வரை போகும், அது காயம் ஆறுவதைக் கீமோபோலத் தடுப்பதில்லை. ஒரு எச்சரிக்கையும் உண்டு. எடுத்த மார்பில் நோய் மிச்சமிருந்தால் அறுவைக்குப் பிறகும் மருந்து தொடரும். ஹெர்2காரர்களுக்கு டி-டிஎம்1, ட்ரிப்பிள் நெகட்டிவ்காரர்களுக்கு கேபெசிடபின் மாத்திரை. ஆகவே ‘கீமோ முடிந்துவிட்டது, இனி எவ்வளவு பெரிய அறுவையும் செய்யலாம்’ என்று முழுசாக நம்பிவிடக் கூடாது.

என்னுடையது ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ். இந்த வகைக்கு முன்கூட்டிக் கொடுக்கும் கீமோவில் கட்டி அவ்வளவாகக் கரைவதில்லை, அறுவையே முதலில் என்றார்கள். அக்குளில் ஸ்கேனிலேயே சந்தேகப்படும்படி கணுக்கள். கீமோவும் ரேடியேஷனும் வரும் வாய்ப்பு அதிகம், சர்க்கரை எட்டுக்கு மேல். பிளாஸ்டிக் சர்ஜன் இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, முடிவை என்னிடம் விட்டார். தட்டையாக மூடிவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். சொல்லும்போது அழவில்லை. எனக்கு ஒரு தேதியைக் காப்பாற்றியாக வேண்டும் என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

வீட்டில்தான் பெரிய விசாரணைக் கமிஷன். "இந்த வயசுல யாருக்குக் காட்டப் போற?" என்று மாமியார். எனக்கு நாற்பத்தாறு, அவருக்கு எழுபது, இரண்டுக்கும் ஒரே தீர்ப்பு. அம்மா சின்னக் குரலில், "செஞ்சுக்கம்மா, ஆனா யாருகிட்டயும் சொல்லாத" என்றார். வீட்டுக்காரர், "உனக்கு எது வசதியோ அதைச் செய்" என்றார். இந்தப் பதிலை எல்லாரும் பெருந்தன்மை என்கிறார்கள். எனக்கு அது, கூட உட்கார்ந்து யோசிக்காமல் நழுவுகிற வழியாகத்தான் பட்டது. பிறகு அவரையும் டாக்டர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன், அங்கே நல்ல கேள்விகளாகத்தான் கேட்டார்.

கிள்ளானில் இருக்கும் நாத்தனார் வாட்ஸ்அப்பில் அனுப்பியதுதான் உச்சம். மார்பை மறுபடி வைத்தால் நோய் திரும்பும், திரும்பினாலும் உள்ளே மறைந்துவிடும் என்று யாரோ ஒரு வைத்தியர் வீடியோவில் சத்தியம் செய்துகொண்டிருந்தார். "அண்ணி, டாக்டர்கிட்ட இதைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று பதில் போட்டேன், கேட்கவும் செய்தேன். மறுசீரமைப்பு செய்துகொண்டவர்களுக்கு நோய் திரும்புவது கூடுவதில்லை. மார்பை எடுத்த இடத்தில் திரும்பினால் பெரும்பாலும் தோலிலும் தோலுக்கு அடியிலும்தான் வரும், இம்ப்ளாண்ட் அதற்கு அடியில் இருப்பதால் கைக்குத் தட்டுப்படும். அண்ணிக்கு இதைக் குரல் பதிவாகவே அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை.

லேப் ரிப்போர்ட் வந்தது. ஐந்து கணுக்களில் நோய். கீமோ, ரேடியேஷன் இரண்டும் உறுதி. அன்றைக்கு உள்ளே இம்ப்ளாண்டோ வயிற்றில் ஆறாத காயமோ இல்லாதது எனக்குப் பெரிய ஆறுதல். தையல் சுத்தமாக மூடியது. இடையில் அக்குளில் நீர் கோத்தது, ஊசியால் உறிஞ்சி எடுத்தார்கள். குறித்த வாரத்தில் சிவப்பு நிறக் கீமோ மருந்து ஏறியது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

2012 முதல் 2016 வரைக்குமான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில், மலேசியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மூன்றில் ஒன்று மார்பகத்தில். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வந்து சேர்கிறார்கள். தாமதமாக வந்தால் கீமோவும் ரேடியேஷனும் அநேகமாகக் கூடவே வரும், அப்போது உடனடி மறுசீரமைப்பு எட்டாமல் போகிறது. ‘நம் பெண்களுக்கு இதில் நாட்டமில்லை’ என்று யாராவது சொன்னால், இந்தப் பாதியையும் கணக்கில் சேர்த்துப் பேசச் சொல்வேன்.

தட்டையாக இருந்த காலம் நான் பயந்த அளவுக்கு இல்லை. தொழிற்சாலையில் எல்லாருக்கும் ஒரே ஸ்மாக் அங்கி, அதற்குள் யாருக்கு என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். சேலைதான் வம்பு. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் எனக்கு வழக்கமாகத் தைக்கும் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் ஜாக்கெட்டின் உள்பக்கம் ஒரு பை வைத்துத் தைத்தார், கூலியும் கூட்டவில்லை. சிலிக்கோன் போலி மார்பை அதில் செருகிக்கொள்ளலாம். அதன் எடை தோள் ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க உதவுகிறது, ஆனால் பினாங்கு வெயிலில் மத்தியானம் ஆனால் உள்ளே குளம் கட்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறியபோது அதைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டுத்தான் ஏறினேன்.

இப்படியே இருந்துவிடுவது என்று முடிவெடுக்கிறவர்களும் உண்டு, அதில் ஒரு குறையும் இல்லை. எனக்கு மனம் அப்படி அமையவில்லை. குளிக்கும்போது கீழே பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் வேண்டும் என்று மாமியார் நினைக்கிறார்.

ரேடியேஷன் முடிந்து ஒரு வருடம் நெருங்கும்போது பிளாஸ்டிக் சர்ஜனிடம் திரும்பப் போனேன். அந்தப் பழைய கால் மணி நேரம் இங்கேதான் உதவியது. என் வயிறு, தழும்பு, சர்க்கரை எல்லாம் அவர் கையெழுத்தில் கோப்பில் இருந்தன, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது எச்பிஏ1சி ஏழுக்குக் கீழே. டீப் என்று சொல்லும் அறுவை, அதாவது வயிற்றுத் தசையை விட்டுவிட்டுத் தோலையும் கொழுப்பையும் மட்டும் இரத்தக் குழாயோடு எடுத்து, நெஞ்சில் இருக்கும் குழாயோடு நுண்ணோக்கியில் பார்த்துத் தைப்பது. 6 முதல் 8 மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல். முதல் இரண்டு நாள் மணிக்கு மணி இரத்த ஓட்டத்தைப் பார்ப்பார்கள். நூற்றில் ஓரிருவருக்குக் குழாய் அடைத்து மொத்தமும் வீணாவதும் உண்டு என்பதை மறைக்காமல் சொன்னார். நான் சாப்பிடும் டாமோக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை இரத்தம் உறைவதைக் கூட்டும் என்பதால், புற்றுநோய் டாக்டரைக் கலந்துகொண்டு அறுவைக்குச் சில வாரம் முன்பே நிறுத்தி, பிறகு தொடர வேண்டும்.

மிச்சமிருந்தது என் துறை. மலேசியத் தொழிலாளர் சட்டப்படி மருத்துவமனை விடுப்பு ஆண்டுக்கு 60 நாள். கீமோ ஆண்டில் அது முழுக்கக் கரைந்துவிட்டது. இந்த அறுவைக்குப் பிறகு தேற 6 முதல் 8 வாரம், கனமான எதையும் தூக்கக் கூடாது. ஆகவே அந்த 60 நாளும் கையில் இருக்கும் ஆண்டாகப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். மெடிக்கல் கார்டில், அதாவது மருத்துவக் காப்பீட்டில், ‘அழகு சிகிச்சைக்குப் பணம் இல்லை’ என்று ஒரு வரி இருக்கும். மார்பை எடுத்த பிறகு செய்யும் மறுசீரமைப்பு அதில் அடங்குமா, தள்ளிப்போட்டுச் செய்தாலும் கொடுப்பார்களா, வருட வரம்பில் எவ்வளவு மிச்சம் என்று ஏஜென்டின் வாய்ப்பேச்சை நம்பாமல் எழுத்தில் கேளுங்கள். எனக்கு மூன்றாவது கடிதத்தில்தான் நேர்ப் பதில் வந்தது. அதுவரை வந்தவற்றில் என் பெயரைத் தவிர வேறெதுவும் சரியாக இல்லை.

சர்ஜன் இரண்டு தேதி கொடுத்தார். பிந்தியதை எடுத்துக்கொண்டேன், டாமோக்சிஃபென் நிறுத்தவும் சர்க்கரையை இன்னொரு முறை பார்க்கவும் நேரம் இருக்கும். சுங்கை பட்டாணி அக்கா தினமும் நடக்கச் சொல்கிறார், நடக்கிறேன். கிள்ளானிலிருந்து அண்ணி ஒரு மாதம் வந்து தங்கிச் சமைத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த ஆபரேஷன் வேண்டாத வேலை என்ற கருத்தில் அவருக்கு மாற்றமில்லை, டிக்கெட் மட்டும் எடுத்துவிட்டார்.